கப்சாயை விட்டு அடுத்த மோட்டார்: ஒய்16-ஆ, பல்சர் என்எஸ்200-ஆ?

"அண்ணே, ஒய்16 எடுக்கலாமா, பல்சர் எடுக்கலாமா?" என்று அடுத்த மோட்டார் சைக்கிள் வாங்கக் கேட்டு வரும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நீ எங்கப்பா குடியிருக்க, எங்க வேலைக்குப் போற?" சிலருக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. குதிரைத் திறன், டாப் ஸ்பீட், எக்ஸாஸ்ட் சத்தம் பற்றிப் பேச வந்தவனிடம் வீட்டு முகவரி கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் பேராக்கில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் மோட்டாரைத் தீர்மானிப்பது தினமும் போய்வரும் பாதைதான். அந்தப் பாதையிலும், தார் ரோடு முடிந்த பிறகு வரும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் முக்கியம்.

இஎக்ஸ்5, கிரிஸ், வேவ், லெஜெண்டா போன்ற கப்சாய்களில், அதாவது கிளட்ச் பிடி இல்லாத சின்ன மோட்டார்களில், ஓட்டிப் பழகி, லைசன் எடுத்து, இப்போது சம்பளம் கைக்கு வர ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தங்கச்சிமார்களுக்கும் சேர்த்துத்தான். ஷிஃப்ட் வேலைக்குத் தனியாக மோட்டாரில் போய்வரும் பெண் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய.

இரண்டு மோட்டார்களும் யார்?

யமஹா ஒய்16இசட்ஆர் 2021 கடைசியில் மலேசியாவுக்கு வந்தது. 155 சிசி, ஆறு கியர், கை கிளட்ச், தண்ணீரில் குளிரும் இஞ்சின். 18 குதிரைத் திறனுக்குக் கொஞ்சம் குறைவு. எடை 119 கிலோ. பார்க்கக் கப்சாய் குடும்பம்தான்: பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில், காலைத் தூக்கி முன்பக்கமாகவே ஏறி உட்காரலாம்.

பல்சர் என்எஸ்200 இந்தியாவின் பஜாஜ் வடிவமைத்தது. கெடா குருணில் தொழிற்சாலை வைத்திருக்கும் மொடெனாஸ் பெயரில் 2017-இல் இங்கே வந்தது. 199.5 சிசி, இதுவும் ஆறு கியர், தண்ணீர்க் குளிர்ச்சி. 23 குதிரைத் திறனுக்கு மேல். எடை 150 கிலோவைத் தாண்டும். டேங்க் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் முழு மோட்டார்.

பழகிய இஎக்ஸ்5 சுமார் 100 கிலோ, எட்டு குதிரைத் திறன் சொச்சம். ஆக, இரண்டில் எதை எடுத்தாலும் சக்தி இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. அதனால் "எது வேகம்?" என்ற கேள்வியை இங்கேயே விட்டுவிடலாம். லாரியை ஒட்டிப் போகும் பெடரல் ரோட்டில் இரண்டுமே தேவைக்கு மேல் வேகம்.

லைசன் விஷயம் ஒரு வரியில்: பி2 லைசன் 250 சிசி வரை செல்லும், எனவே இரண்டுக்கும் அது போதும். பல்சரைப் பார்க்கப் போய் பக்கத்தில் நிற்கும் டோமினார் 400-இல் மனம் போனால், அதற்கு பி2 போதாது. தகுதியில்லாத லைசனில் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

முதல் வேலை: ஒரு வாரம் உங்கள் பாதையைக் கவனியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம், பழைய மோட்டாரில் போகும்போதே, எந்தெந்த ரோட்டில் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் இது நான்கு வகையாகப் பிரியும்.

லிந்தாங் சாலை வழியாக லாசா பக்கம் போய்வருபவர்களுக்கு வளைவும் மேடுபள்ளமும் உள்ள தார் ரோடு. இடையிடையே செம்பனை லாரி. இந்த ரோட்டில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்: காயேற்றிய லாரி உட்பாதையிலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பும் இடம். லாரி சாயும்போது உதிரிப் பழங்கள் சிதறும். அடுத்த லாரி அவற்றை நசுக்கிவிட்டுப் போகும். எண்ணெயும் நாரும் தாரோடு அப்பி, வெயிலில் பளபளப்பாகக் காயும். முதல் தூறல் விழுந்ததும் அந்த இடத்தில் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் தனியாகப் போகும். அங்கே நேராக நிமிர்ந்து, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். எடை குறைந்த மோட்டார் நழுவினாலும் காலை ஊன்றித் தாங்கிவிடலாம். 150 கிலோ சாய ஆரம்பித்துவிட்டால் காலை வைத்து நிறுத்த முடியாது. வைக்கவும் கூடாது, முட்டி போய்விடும்.

இரண்டாவது, தோட்டத்துக்குள் ஓடும் செம்மண் சடக்கு, அதாவது மண் ரோடு. வெயில் காலத்தில் தூசி, மழைக்குப் பிறகு வழவழப்பு, லாரிச் சக்கரம் பதிந்த இரண்டு பள்ளம், நடுவில் புல் மேடு. இரவில் நடுச் சடக்கில் மாடு படுத்திருக்கும். அதன் கண் விளக்கு வெளிச்சத்தில் தெரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். என்எஸ்200-இன் முன் டயர் 100/80-17, பின் டயர் 130/70-17. ஒய்16-க்கு 90/80, 120/70. டயர் அகலமாக இருந்தால் பிடிப்பும் கூடும் என்பது தார் ரோட்டுக் கணக்கு. ஈரச் செம்மண்ணில் டயரின் பள்ளங்களில் களி அடைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுதான். அங்கே உதவுவது குறைந்த எடையும் மெதுவான வேகமும். எனக்கு ஒய்16 மேல் பெரிய காதல் இல்லை, ஆனாலும் செம்மண்ணில் அதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, ஈப்போவுக்குப் போகும் முதல் எண் பெடரல் ரோடு. சுமார் 30 கிலோமீட்டர். கந்தான், செமோர் பக்கம் கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகள். தாசேக், ஜெலப்பாங் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் 60 கிலோமீட்டர் ஓட வேண்டும். பெரிய லாரி எதிரே வந்து கடக்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளும். அப்போது என்எஸ்200 ஓட்டுபவருக்குத் தோளில் கொஞ்சம் அசைவு தெரியும், அவ்வளவுதான். ஒய்16 ஓட்டுபவர் அரை அடி நகர்ந்து மீண்டும் வருவார். பழகிவிடும், ஆனால் தினமும் இரண்டு வேளை என்றால் களைப்பு சேரும்.

நான்காவது, கோலகங்சார் போய் அங்கிருந்து பிளஸ் நெடுஞ்சாலையில் ஏறி தைப்பிங், கமுந்திங் போகிறவர்கள். மோட்டாருக்கு டோல் கிடையாது. புக்கிட் பெராபிட் ஏற்றத்தில் ஆள் இருவர் உட்கார்ந்தால் 155 சிசி இஞ்சினை அதிகச் சுழற்சியில் கத்தவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். என்எஸ்200 அதே ஏற்றத்தை ஒரு கியர் மேலே வைத்துக்கொண்டே ஏறும்.

வாரக் கடைசியில் கணக்குப் பாருங்கள். ஓட்டத்தில் பாதிக்கு மேல் பெடரல் ரோடும் நெடுஞ்சாலையும் என்றால் என்எஸ்200-ஐ எண்ணலாம். பாதிக்கு மேல் லிந்தாங் பக்கமும் தோட்டத்துப் பாதையும் என்றால் ஒய்16 போதும். இரண்டும் சரிபாதி என்று வந்தால், வீட்டு வாசலைப் பாருங்கள்.

உட்கார்ந்து, தள்ளி, திருப்பிப் பாருங்கள்

கடையில் எல்லோரும் மோட்டாரில் உட்கார்ந்து கண்ணாடியில் முகம் பார்ப்பார்கள். அது போதாது. இறங்கி, இஞ்சின் நிறுத்திய நிலையில், மோட்டாரைக் கையால் பின்னுக்குத் தள்ளுங்கள். கடைக்காரர் அனுமதித்தால் சின்னச் சரிவில் மேலே தள்ளிப் பாருங்கள். ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, ஒரு கார் நிறுத்தும் அகலத்தில் வட்டமாகத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள்.

ஏன் என்றால், பழைய லயத்து வீடுகளில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாசலுக்கு முன்னால் கால்வாய் ஓடும். அதன் மேல் ஒரு பலகை கிடக்கும். அந்தப் பலகை வழியாகத்தான் மோட்டாரை ராத்திரி அஞ்சடிக்கு (வீட்டு முன்தாழ்வாரத்துக்கு) ஏற்ற வேண்டும். இஎக்ஸ்5-ஐ ஒரு கையால் சீட்டைப் பிடித்து ஏற்றிவிடுவோம். ஒய்16-க்கு இரண்டு கையும் ஒரு மூச்சும் வேண்டும். என்எஸ்200-ஐ ஒரு ஆள் ஈரப் பலகை மேல் ஏற்றுவதற்குள் பலகை வளையும், முன் சக்கரம் ஒதுங்கும், மோட்டார் வேலிப் பக்கம் சாயும். இஞ்சினைப் போட்டு முதல் கியரில் ஏற்றலாம்தான், ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். அந்தப் பலகைக்குப் பதில் சிமெண்டு போட்டுத் தர அப்பா சம்மதிப்பாரா என்பதை மோட்டார் வாங்குமுன்னே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் வாங்கிய ஒரே மாதத்தில் பெரிய மோட்டாரை வெளியே நிறுத்தித் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

உயரம் குறைந்தவர்கள் சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலின் முன்பாதமாவது தரையில் அழுத்தமாகப் பதிகிறதா என்று பாருங்கள். என்எஸ்200-இன் சீட் 805 மில்லிமீட்டர் உயரம். கடைத் தளம் சமமாக இருக்கும், தோட்டத்துப் பாதை இருக்காது. நிறுத்தும் இடத்தில் இடதுபக்கம் பள்ளமாக இருந்தால் கால் இன்னும் ஓரங்குலம் கீழே போக வேண்டும். அந்த ஓரங்குலம் இல்லாமல்தான் நின்ற இடத்திலேயே விழுகிறோம்.

பின்னால் யார், முன்னால் என்ன

கப்சாய் என்பது தோட்டத்தில் பாதி லாரி. முன்னால் கூடை, முழங்காலுக்கு நடுவே அரிசி மூட்டை, ஞாயிற்றுக்கிழமை பாசார் (சந்தை) சாமான், காலையில் தம்பியைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிடுவது, எல்லாம் அதில்தான். புதிய மோட்டாரில் இந்த வேலையில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க வேண்டும்.

ஒய்16-இல் நடுப்பகுதி மேடாக இருந்தாலும் ஒரு பையை மாட்டி, காலுக்கு நடுவே அணைத்துக்கொண்டு வரலாம். என்எஸ்200-இல் அங்கே டேங்க் உட்கார்ந்திருக்கிறது, முதுகுப் பை ஒன்றுதான் வழி. பின்னால் உட்காருபவருக்கும் வித்தியாசம் உண்டு. என்எஸ்200-இல் சீட் இரண்டாகப் பிரிந்து, பின் சீட் உயரமாக, குறுகலாக இருக்கும். நண்பன் உட்காருவான். சேலை கட்டிய அம்மா கோவிலுக்கு ஒருபக்கமாக உட்கார்ந்து வர முடியாது. ஒருபக்கமாக உட்காருவதே பாதுகாப்பில்லை என்று சொல்வது சரிதான், ஆனால் அம்மா அதைக் கேட்டு சல்வாருக்கு மாறப்போவதில்லை. எனவே வீட்டில் இன்னொரு கப்சாய் இருக்கிறதா என்பதும் இந்தத் தேர்வில் ஒரு கேள்வி.

கிளட்சும் கியரும்: இங்கேதான் அதிகம் விழுகிறார்கள்

இந்த இரண்டு மோட்டாருக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

இஎக்ஸ்5-இல் கிளட்ச் பிடி கிடையாது. முன்பாதத்தால் மிதித்தால் கியர் கூடும், குதிகாலால் மிதித்தால் குறையும். ஒய்16-இலும் என்எஸ்200-இலும் முதல் கியர் கீழே, நியூட்ரல் அதற்கு மேல், பிறகு இரண்டிலிருந்து ஆறு வரை எல்லாம் மேலே. அதாவது கியர் கூட்ட முன்பாதத்தால் தூக்க வேண்டும், மிதித்தால் குறையும். நேர் எதிர்.

அமைதியாக ஓட்டும்போது இது இரண்டு நாளில் பழகிவிடும். பிரச்சினை வருவது அவசரத்தில். லாரியை முந்தும்போது இன்னொரு கியர் வேண்டும் என்று மனம் சொல்லும், கால் பழைய பழக்கத்தில் மிதித்துவிடும். ஐந்தில் ஓடிய மோட்டார் நான்குக்கு இறங்கும், கிளட்சைச் சட்டென்று விட்டால் பின் சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடிக்கும். ஈரமாக இருந்தால் வால் ஆடும். ஒய்16-இல் ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் இந்த இழுப்பு கொஞ்சம் குறையும். குறையுமே தவிர இல்லாமல் போகாது.

இதற்கு மருந்து பயிற்சி மட்டும்தான். ஞாயிறு காலை காலியான திடலில் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. இஞ்சின் ஓட, முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விட்டு மோட்டாரை நடை வேகத்தில் நகர்த்துங்கள். எந்த இடத்தில் கிளட்ச் பிடிக்கிறது என்று கை விரல் உணரும்வரை திரும்பத் திரும்ப. இஞ்சின் அணைந்தால் அணையட்டும்.

2. அதே வேகத்தில் எட்டு போடுங்கள். பார்வை சக்கரத்தில் இருந்தால் விழுவீர்கள், போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

3. ஒன்றிலிருந்து மூன்று வரை ஏற்றி, திரும்ப இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "தூக்கு, தூக்கு, மிதி, மிதி." சிரிக்கத் தோன்றும். சிரித்துக்கொண்டே செய்யுங்கள்.

4. 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கும் சேர்த்து நிற்கப் பழகுங்கள். முன் பிரேக்கை ஒரேயடியாகப் பறிக்காமல், முதலில் தொட்டு, எடை முன்னால் வந்ததும் அழுத்த வேண்டும். டிரம் பிரேக்கில் முழுப் பலத்தோடு பிடித்துப் பழகிய கை, டிஸ்க்கில் அப்படியே பிடித்தால் செம்மண்ணில் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள மாடல் கிடைத்தால், கூடுதலாகச் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆனாலும் அதையே எடுங்கள். ஒய்16-இலும் என்எஸ்200-இலும் ஏபிஎஸ் உள்ளதும் இருக்கிறது, இல்லாததும் இருக்கிறது. ஸ்டிக்கரை நம்பாமல் முன் சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பக்கத்தில் பல் வைத்த சிறு வளையமும் அதை ஒட்டி ஒரு சென்சார் வயரும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ரிம்முக்குச் செலவு செய்ய மனம் வருகிறவர்கள் ஏபிஎஸ்ஸுக்குத் தயங்குவது எனக்குப் புரிந்ததே இல்லை.

கெட்டுப்போனால் யாரிடம் போவீர்கள்?

இஎக்ஸ்5-ஐ எந்தப் போமனும் (மெக்கானிக்கும்) கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். சாமான் மளிகைக் கடையில் கிடைக்காத குறை ஒன்றுதான். ஒய்16-க்கும் சின்ன ஊர்களில் சாமான் கிடைப்பதில் சிரமமில்லை, சாலையில் அந்தக் குடும்ப மோட்டார்கள் அவ்வளவு ஓடுகின்றன. என்எஸ்200-க்கு முதலில் உங்கள் வழக்கமான கடைக்குப் போய் மூன்று சாமானின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: கிளட்ச் தட்டு, முன் பிரேக் பேட், ஸ்பார்க் பிளக். "இருக்கு" என்றால் நல்லது. "சொன்னா ரெண்டு நாள்ல வரும்" என்றாலும் பரவாயில்லை. தலையைச் சொறிந்தால், ஒவ்வொரு பழுதுக்கும் ஈப்போ போக வேண்டும் என்று அர்த்தம். இன்னொன்று: என்எஸ்200-இல் ஒரே சிலிண்டருக்கு மூன்று ஸ்பார்க் பிளக். மாற்றும்போது மூன்றும் மாற்ற வேண்டும்.

இஎக்ஸ்5-இல் பார்த்தே இராத இரண்டு பராமரிப்பு வேலைகள் இனி வரும். ஒன்று, செயின். இஎக்ஸ்5-இல் செயின் மூடிய பெட்டிக்குள் ஓடும். இந்த இரண்டிலும் திறந்து கிடக்கும். செம்மண் தூசியும் செயின் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்த்துவிடும். தோட்டத்துப் பாதையில் ஓட்டுபவர்கள் வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போட வேண்டும், மழையில் நனைந்தால் அன்றே. இரண்டு, ரேடியேட்டர். முன் சக்கரம் வாரி அடிக்கும் களி அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். இஞ்சின் சூடேறும், ஏன் என்று தெரியாது. ஈரமாக இருக்கும்போதே குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். கார் கழுவும் கடைத் துப்பாக்கியைக் கிட்டே பிடித்து அடித்தால் தகடுகள் மடங்கும்.

என்எஸ்200-இல் கிக் கிடையாது. பேட்டரி இறங்கினால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குத் தோட்டத்து நடுவில் அந்த எடையைத் தள்ளுவது எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். பேட்டரி பலவீனமாகும் அறிகுறி தெரிந்தவுடன் மாற்றுங்கள்.

பணம்

கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை மாறும். அதனால் இங்கே விலை போடவில்லை. கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்கிறேன்.

கடைக்காரர் மாதத் தவணையைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் மொத்தத் தொகையைக் கேளுங்கள். உதாரணத்துக்கு 10,000 வெள்ளி லோன், ஆண்டுக்கு 8 விழுக்காடு, ஐந்து ஆண்டு, வட்டியை முதல் தொகையின் மேலேயே கணக்கிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 4,000. மொத்தம் 14,000, மாதம் 233 வெள்ளி சொச்சம். அதே லோனை மூன்று ஆண்டில் கட்டினால் வட்டி 2,400, மாதம் 344 சொச்சம். ஓவர்டைம் கிடைக்கும் மாதத்தை வைத்து எந்தத் தவணையையும் முடிவு செய்யாதீர்கள், அடிப்படைச் சம்பளத்தை வைத்துச் செய்யுங்கள்.

ரோட் டேக்ஸ் பெரிய விஷயமில்லை. 150 சிசி வரை 2022-இலிருந்து இலவசம். ஒய்16 ஐந்து சிசி தாண்டிவிட்டதால் 151 முதல் 200 வரையுள்ள பிரிவில் விழுகிறது. என்எஸ்200-உம் அரை சிசி குறைவாக அதே பிரிவுதான். இரண்டுக்கும் ஆண்டுக்கு 30 வெள்ளி. அந்த முப்பது வெள்ளிக்காக 150 சிசி மோட்டாரைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சேமிப்பு இல்லை, பிடிவாதம்.

இன்சூரன்ஸில் உண்மையான காசு இருக்கிறது. விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு 15, 20, 25 விழுக்காடு என்று கழிவு ஏறிக்கொண்டே போகும், அதைப் பழைய மோட்டாரிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கழிவு பெயருக்குச் சொந்தம். தோட்டத்தில் பாதி மோட்டார் அப்பா பெயரில் இருக்கும். மூன்று ஆண்டு நீங்கள் ஓட்டியிருந்தாலும் கழிவு அப்பாவுக்குத்தான். புதியதையாவது உங்கள் பெயரிலேயே எடுங்கள்.

பெட்ரோலில் டேங்க் அளவைப் பாருங்கள். ஒய்16-இல் 5.4 லிட்டர், என்எஸ்200-இல் 12 லிட்டர். ஒய்16 லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால் ஒரு டேங்க் 216 கிலோமீட்டர். ஈப்போ போய்வரும் ஆளுக்கு மூன்று நாள், நாலாம் நாள் பங்க்கில் நிற்க வேண்டும். என்எஸ்200-க்கு 35 என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 420 கிலோமீட்டர், ஒரு வாரம் ஓடும். பங்க் பக்கத்தில் இல்லாத தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது சின்ன வசதி அல்ல.

திருட்டையும் செலவில் சேருங்கள். சீக்கிரம் விலை போகும் மோட்டார்தான் சீக்கிரம் காணாமல் போகும். ஒய் வகை மோட்டார்களுக்கு நல்ல மறுவிற்பனை விலை இருப்பதன் மறுபக்கம் அதுதான். டிஸ்க் பூட்டு ஒன்று, தூணோடு சேர்த்துக் கட்டும் தடித்த செயின் ஒன்று. திருட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் பாருங்கள்.

கைமாறிய மோட்டார் என்றால்

புதிய ஒய்16-இன் காசுக்குப் பழைய என்எஸ்200 கைக்கு மிச்சத்தோடு கிடைக்கும். ஆசை வரும். பகலில் போய்ப் பாருங்கள், இஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். கிராண்டில் (பதிவுப் பத்திரத்தில்) உள்ள இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் மோட்டாரில் பதித்ததோடு பொருந்துகின்றனவா, எண் பதித்த இடம் சுரண்டியிருக்கிறதா என்று பாருங்கள். லோன் முடியாத மோட்டாராக இருந்தால் விலகிவிடுங்கள். "தவணையை நீ கட்டிக்கோ, பேரு என் பேருல இருக்கட்டும்" என்பவர் மாமாவாக இருந்தாலும் சரி. ஹேண்டிலை விட்டுவிட்டு மெதுவாக ஓட்டினால் ஒருபக்கம் இழுக்கிறதா என்பதை விற்பவரையே ஓட்டச் சொல்லிப் பின்னாலிருந்து கவனியுங்கள்: முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து, தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

இரவில் ஒருமுறை விளக்கையும் பாருங்கள். ஒய்16-க்கு எல்இடி. பழைய என்எஸ்200-இல் ஹாலோஜன் பல்பு, கண்ணாடி மங்கியிருந்தால் தோட்டத்து இருட்டில் போதாது.

என் முடிவைக் கேட்டால்

தோட்டத்துக்குள் குடியிருந்து, ஊருக்குள்ளோ பக்கத்துத் தோட்டத்திலோ வேலை பார்ப்பவர் ஒய்16 எடுக்கட்டும். தினமும் ஈப்போவோ கமுந்திங்கோ போய்வருபவர், வீட்டு வாசலில் சிமெண்டு இருந்து, கடையில் சாமான் கிடைக்கும் என்று உறுதியானால், என்எஸ்200 எடுக்கட்டும். களைப்பு குறையும். வேலையே இன்னும் நிரந்தரமாகாதவர் ஆறு மாதம் பொறுக்கலாம். தாசேக்கிலிருந்து ஊருக்குள் வேலை மாறினாலே கணக்கு தலைகீழாகிவிடும்.

வாங்கிய முதல் 1,000 கிலோமீட்டர் இஞ்சினுக்கும் உங்களுக்கும் சேர்த்துப் பழக்க காலம். ஒரே சுழற்சியில் நீண்ட நேரம் பிடிக்காமல், முறுக்காமல் ஓட்டி, முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் ஆள் ஏற்றுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஹெல்மெட்டில் சிரிம் தர முத்திரை இருக்கட்டும். பழைய ஹெல்மெட் தலையில் ஆடினால் அதையும் மாற்றுங்கள்.

பழைய கப்சாயை உடனே விற்காதீர்கள். மழை நாளுக்கும் அரிசி மூட்டைக்கும் அது வேண்டும், விற்றாலும் பெரிய தொகை வராது. விற்றே ஆக வேண்டும் என்றால், ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பெயர் மாற்றம் முடியும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். தெரிந்த பையன்தானே என்று கொடுத்துவிட்டால், அவன் வாங்கும் சம்மனெல்லாம் உங்கள் பெயருக்கே வந்துகொண்டிருக்கும்.